மே மாதச் சம்பளத்தில் விழுந்த வெட்டு

அன்று காலை ஓட்டல் அலுவலக அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மேனேஜர் ஜோசப் சார். கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

சமையல் மாஸ்டர் காளிமுத்து. கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிற போளூர்க்காரர். ஊருக்குப் போகிற பையைத் தோளில் மாட்டியபடி வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

லாண்டரியைப் பார்த்துக்கொள்ளும் சரோஜா. சுவரோரம் நின்றாள். கையில் இன்னும் சோப்பு ஈரம்.

திண்டுக்கல் ஆடிட்டர் ஆபீசிலிருந்து வினோதினி. அவர் போனில் மட்டும், அதுவும் பாதியில் வந்து சேர்ந்தார்.

பிறகு நான். சம்பளக் கணக்கு என் பொறுப்பு.

முதலாளி இல்லை. மதுரையில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

நீங்கள் எல்லாரும் படித்துவிட்டு இந்தச் சம்பளக் கணக்கு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். படுக்கை விரிப்புகளை எண்ணி அடுக்கும் வேலைக்கு அந்த ஓட்டலில் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கணக்கு மேசைக்கு வந்தேன். மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. அது வருடத்துக்கு ஒரு தடவை இடம் மாறுகிறது. உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அன்று நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வெகு காலம் ஆகவில்லை. வருமான வரி வரம்பு இப்போது இருக்கிற அளவுக்கு உயரவில்லை, அவ்வளவுதான். ஆதாரோடு இணைக்காத பான் அட்டை செல்லாது என்ற விதி அப்போதே வந்துவிட்டது.

கொடைக்கானலில் ஏப்ரலும் மேயும் சீசன். அந்த இரண்டு மாதமும் எங்கள் ஓட்டலில் யாருக்கும் லீவு கிடையாது. காய்ச்சல் என்றால்கூட மாத்திரை போட்டுக்கொண்டு நிற்பார்கள். சீசன் முடிந்து, ஜூன் முதல் சனிக்கிழமை டிப்ஸ் பணத்தைப் பங்கு பிரிப்போம். வாங்கிக்கொண்டு மேல்மலைக்காரர்கள் மதியப் பஸ்சில் ஊருக்குப் போவார்கள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இருந்த வழக்கம் அது.

முன்பெல்லாம் ரிசப்ஷனில் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. விருந்தாளிகள் தருகிற டிப்ஸ் யார் கைக்கு வந்தாலும் அதில் போட வேண்டும். சீசன் முடிந்ததும் டைனிங் ஹால் மேசையில் எல்லார் கண் முன்னாலும் கொட்டி எண்ணுவோம். ரூம் பையன், லாண்டரி, வாட்ச்மேன் எல்லாருக்கும் ஒரு பங்கு. சமையல் மாஸ்டருக்கு ஒன்றரை. மேனேஜருக்கும் எனக்கும் கிடையாது. எங்கள் முகத்தைப் பார்த்து எந்த விருந்தாளியும் காசு தருவதில்லை.

பிறகு டப்பாவில் காசு விழுவது நின்றது. வருகிறவர்கள் கையில் சில்லறை இல்லை. எல்லாம் போன். டிப்ஸுக்கென்று டைனிங் ஹாலில் போன் வழியாகக் காசு போடுகிற க்யூஆர் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினோம். காளிமுத்து ஒரே பிடியாக நின்றார். பில் காசு சேர்கிற கணக்கில் டிப்ஸ் காசு சேரக் கூடாது, தனிக் கணக்கு வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமைதோறும் அதில் எவ்வளவு இருக்கிறது என்று சாப்பாட்டு நேரத்தில் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். முதலாளி மேல் அவருக்குச் சந்தேகம். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு கணக்கு கூடினால் எனக்கு ஒரு வேலை கூடும். ஆனாலும் திறந்தோம்.

அந்த வருடம் பங்குப் பணத்தை மே மாதச் சம்பளத்தோடு சேர்த்தே வங்கி வழியாக அனுப்பிவிடலாம் என்று ஜோசப் சார் சொன்னார். ஒரே வேலையாக முடியும் என்றார். காய்கறி பாக்கியை நேர் செய்ய நான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது, சம்பளப் பட்டியலை அவரே மென்பொருளில் ஏற்றி முடித்திருந்தார்.

எங்கள் மென்பொருளில் ஒரு வழக்கம் உண்டு. பட்டியல் முடிந்ததுமே சம்பளச் சீட்டு ஒவ்வொருவர் போனுக்கும் போய்விடும். பணம் பிறகுதான் போகும், முதலாளி வங்கியில் ஒப்புதல் கொடுத்த பிறகு. அதனால் சனிக்கிழமை காலை பணம் வருமுன் சீட்டு வந்தது. இட்லிப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு காளிமுத்து அதைப் பார்த்திருக்கிறார். வரி என்று போட்டு அவர் சம்பளத்தில் பதிமூவாயிரத்து எண்ணூறு ரூபாய் வெட்டியிருந்தது.

நான் பேருந்தை விட்டு இறங்கி ஓட்டலுக்குள் நுழையும்போதே பையோடு நின்றார்.

"அக்கா, இத்தன வருசத்துல எனக்கு வரின்னு ஒத்த ரூவா புடிச்சதில்ல. டப்பா இருந்தவரைக்கும் கண்ணால பாத்தோம். இப்ப எங்க காசு எங்க கெடக்கு?"

பார்க்கிறேன் என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை. தெரியாதபோது பேசுகிற ஒவ்வொரு சொல்லையும் பிறகு திருப்பி எடுக்க வேண்டி வரும்.

அவருக்கு அன்று என்ன அவசரம் என்று எனக்குத் தெரியும். போளூரில் அவருக்கு ஒரு பூண்டு நிலம். மகளுக்குச் சுகமில்லாத வருடம் ஒட்டன்சத்திரம் மண்டிக்காரர் ஒருவரிடம் அதை ஒத்தி வைத்தார். வாங்கிய கடனை அடைக்கும்வரை நிலத்தில் மண்டிக்காரர்தான் பயிர் வைப்பார். அந்தச் சனிக்கிழமை மண்டிக்காரர் கணக்குத் தீர்க்கப் போளூருக்கு வருகிறார். மொத்தப் பணத்தையும் கொடுத்தால் நிலம் திரும்பும். இல்லாவிட்டால் காட்டேஜ் கட்டுகிற ஆட்கள் கேட்கிறார்கள், ஒத்தியை அவர்களுக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அப்படி மாறிய நிலம் மேல்மலையில் எதுவும் திரும்பியதில்லை. காளிமுத்து வருடம் முழுக்கச் சேர்த்திருந்தார். மே சம்பளமும் பங்கும் முழுதாக வந்தால்தான் தொகை நிறையும்.

யாருக்கு எவ்வளவு என்கிற பணக் கோப்பு மதியத்துக்குள் வங்கிக்குப் போனால்தான் அன்றே பணம் சேரும். தவறினால் திங்கட்கிழமை. போளூர்ப் பஸ் ஒரு மணிக்கு.

அறைக்குள் போனேன். ஜோசப் சார் முகம் வெளுத்திருந்தது. மூன்று பேருக்கு வெட்டு விழுந்திருந்தது. இரண்டு பேருக்குச் சின்னத் தொகை. காளிமுத்துவுக்குத்தான் பெரிது. அவருடைய பான் அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். இணைக்க முடியாமல் கிடந்தது. பான் செல்லாதவருக்கு வரி விழுந்தால் நூற்றுக்கு இருபது என்று மென்பொருள் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிவிடும்.

ஜோசப் சார் மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணுக்கு ஏற்கெனவே பேசியிருந்தார். அங்கே இருந்த பையன், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஊழியர் வருடக் கடைசியில் வரித் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டான். பொதுவான விதிப்படி அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் செல்லாத பானுக்கு வரி திரும்ப வராது. வந்தாலும் அடுத்த வருடம் வரும். மண்டிக்காரர் அன்றைக்கு வருகிறார்.

"தனம்மா, கொஞ்சம் ப்ராக்டிகலா இருப்போம். டாக்ஸ் கட்டத்துல ஜீரோ போட்டு விட்ருங்க. மண்டே பாத்துக்கலாம்," என்றார் ஜோசப் சார் என்னிடம்.

அந்த வசதி மென்பொருளில் இருந்தது. எந்த எண்ணையும் அழித்துவிட்டு நம் எண்ணைப் போடலாம். கை அங்கே போகத்தான் பார்த்தது. ஒரு நிமிட வேலை. வாசலில் நிற்கிறவர் பஸ் ஏறிவிடுவார்.

நான் போடவில்லை. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமல் அழித்தால், அது வந்த இடம் அப்படியே இருக்கும். அடுத்த மாதம் இந்த மாதத்துக்கும் சேர்த்து வெட்டும். முதலாளி பெயருக்கு நோட்டீஸ் வரும். அப்போது ஏன் ஜீரோ போட்டோம் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. இதை உங்களுக்கு ஒருமுறைதான் சொல்வேன். விடையில் கை வைக்காதீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அவசரம் கூடக் கூட இதை மறந்துவிடுவோம்.

ஜோசப் சார் கல்லாவைத் திறந்தார். குறைகிற தொகையை ஓட்டல் காசிலிருந்து கைமாற்றாகக் கொடுத்துவிடுகிறேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காளிமுத்துவிடம் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

காளிமுத்து அவரைப் பார்த்தார்.

"என் காச எனக்கே கடனாத் தர்றீங்களா சார்?"

ஜோசப் சார் கல்லாவை மூடினார்.

காளிமுத்து அந்தப் பேச்சோடு நடையைக் கட்டியிருந்தால் சமையலறையே அவர் பின்னால் போயிருக்கும். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரிசார்ட்டில் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர் நகரவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஏப்ரல் சீட்டைத் திறந்தேன். காளிமுத்துவின் ஏப்ரல் சீட்டு இடப்பக்கம், மே சீட்டு வலப்பக்கம். ஏப்ரலிலும் அதே பான்தான், இணைக்காமல்தான் இருந்தது. அப்போது வரி இல்லை. ஆக, பான் மட்டும் காரணமில்லை. அது வெட்டைப் பெரிதாக்கியிருக்கிறது. வெட்டை உண்டாக்கியது வேறு. இரண்டு மாதத்துக்கும் இடையில் என்ன மாறியது? சீட்டில் ஒரே ஒரு இனம் கூடியிருந்தது. சீசன் அலவன்ஸ். பங்குப் பணம் அந்தப் பெயரில் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு குறி. மாதந்தோறும் என்று.

அங்கேதான் இருந்தது. இரண்டு மாத டிப்ஸைச் சேர்த்து ஒரே மாதத்தில் கொடுக்கிறோம். மென்பொருளுக்கு அது தெரியாது. காளிமுத்து இனி மார்ச் வரை மாதாமாதம் இவ்வளவு வாங்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்து, வரம்பைத் தாண்டிவிட்டார் என்று வெட்டியிருக்கிறது. மலையில் மே மாதம் எப்படி, ஆகஸ்ட் மாதம் எப்படி என்று இங்கே டாக்ஸி ஓட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். மென்பொருளை எழுதினவர்கள் மழைக்காலத்தில் இங்கே வந்து ரூம் எடுத்துத் தங்கியதில்லை போலும்.

ஆனால் குறி தானாக விழாது. ஒரு முறை மட்டும் என்று இன்னொரு இடம் அதற்குக் கீழேயே இருக்கிறது. ஜோசப் சார் கண் தெரியாதவர் இல்லை.

"சார், இத நீங்க தெரிஞ்சுதான போட்டீங்க?"

அவர் சரோஜாவைப் பார்த்தார். சரோஜா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"நாந்தான் கேட்டேங்க்கா," என்றாள்.

சரோஜாவின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவள் இங்கே பிறந்தவள்தான், ஆனால் அப்பா அம்மா பேச்சு அவள் வாயில் ஒட்டியிருந்தது. தகரம் போட்ட வீடு. மழைக்கு ஒழுகும். வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டிருந்தாள். உன் சம்பளத்துக்கு இவ்வளவு கடன் வராது, மாதாமாதம் வருகிற பணம் சீட்டில் கூடுதலாக இருந்தால் பார்க்கலாம் என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். அவள் ஜோசப் சாரிடம் கேட்டாள். அவர் பங்குப் பணத்தை மாதச் சம்பளமாகக் காட்டினார். ஒருத்திக்கு மட்டும் காட்டினால் தனியாகத் தெரியும் என்று எல்லாருக்கும் காட்டினார்.

காளிமுத்து அதுவரை தாண்டாத வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். சத்தம் போடவில்லை.

"ஏ புள்ள, சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஒங்களுக்கு வெட்டு விழும்னு எனக்குத் தெரியுமாண்ணே?" என்றாள் சரோஜா.

யாருக்கும் தெரியாது. அவளுக்கே வெட்டு விழவில்லை. அவள் சம்பளம் சிறிது, பெருக்கினாலும் வரம்புக்குக் கீழே நின்றது.

அப்போதுதான் வினோதினியைப் போனில் பிடித்தேன். சின்ன வயசுப் பெண், ஆனால் பதறாதவர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்த டிப்ஸ் பணம் ஓட்டல் வருமானத்தோடு கலந்திருக்கிறதா, தனியாக இருக்கிறதா என்றார்.

தனிக் கணக்கு, ஆரம்பத்திலிருந்தே என்றேன். சொல்லும்போது காளிமுத்துவைப் பார்க்கவில்லை.

அப்படியென்றால் அது விருந்தாளிகள் கொடுத்த காசு, முதலாளி கொடுக்கிற சம்பளம் இல்லை என்றார் வினோதினி. கைமாற்றி விடுவது மட்டும்தான் நம் வேலை. சம்பளத்தில் அதைச் சேர்க்கவே கூடாது, அதற்குச் சம்பள வரி பிடிக்க வேண்டியதும் இல்லை. அவரவர் வருட வருமானத்தில் அவரவர் காட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கலந்திருந்தால் எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியாது என்றார். சம்பளத்தை ஒரு கோப்பாகவும் டிப்ஸை டிப்ஸ் கணக்கிலிருந்து இன்னொரு கோப்பாகவும் அனுப்பச் சொன்னார். பிடித்த வரியை இன்னும் அரசுக்குக் கட்டவில்லையே என்று கேட்டார். இல்லை என்றேன். அப்ப பயமில்லைங்க என்றார்.

பயம் இருந்தது. மணி பதினொன்று தாண்டியிருந்தது.

ஜோசப் சார் சீசன் அலவன்ஸை நீக்க ஆரம்பித்தார். ஒவ்வொருவராக. சரோஜாவின் பெயர் வந்ததும் நிறுத்தினார். தணிந்த குரலில் என்னிடம் சொன்னார். இவளுக்கு வெட்டு எதுவும் இல்லையே, யாருக்கும் நஷ்டம் இல்லை, இவளுடையதை மட்டும் அப்படியே விட்டால் என்ன என்று.

சரோஜாவுக்கும் கேட்டது. அவள் என்னைப் பார்த்தாள்.

"அந்த வீட்ல இன்னொரு மழைக்கு இருக்க ஏலாதுக்கா."

இந்த இடத்தை நான் அதிகம் யோசித்திருக்கிறேன். அன்று யோசிக்க நேரம் இல்லை. விட்டிருக்கலாம். மென்பொருள் ஏற்றுக்கொள்ளும். வரி இல்லை. வங்கி கேட்டது கிடைக்கும். ஜோசப் சார் சொன்னதுபோல் அன்றைக்கு யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆனால் ஜூலையில் ரூம்கள் காலியாகும். ஆகஸ்டில் மேகம் இறங்கி எதிர் வீடு தெரியாது. டிப்ஸ் கணக்கில் டீச்செலவுக்குக்கூடக் காசு இருக்காது. சீட்டில் மட்டும் அலவன்ஸ் இருக்கும். கடன் தவணை மாதம் தவறாமல் வரும்.

"ஆவணி மாசத் தவணைய எதுல கட்டுவ சரோஜா?" என்றேன்.

அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கு என்னக்கா, ஒழுகாத வீடு."

ஜோசப் சாரிடம் எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் எடுத்தார். சரோஜா லாண்டரிக்குப் போய்விட்டாள். இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

நல்லது செய்வதற்காகத்தான் ஜோசப் சார் அந்தக் குறியைப் போட்டார். உங்களிடமும் வந்து கேட்பார்கள். பாவப்பட்டவர்கள்தான் கேட்பார்கள், அதனால்தான் மறுப்பது கஷ்டம். கையிலிருந்து கொடுங்கள், சிபாரிசு செய்யுங்கள், கூட நடந்து வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். கணக்கில் இல்லாததை எழுதிக் கொடுக்காதீர்கள். அது எங்கே போய் யார் காலை வாரும் என்று எழுதுகிறவருக்குத் தெரியாது.

எல்லாம் நீக்கி, பட்டியலைத் திரும்ப ஓட்டினோம். மூன்று பேரையும் திறந்து பார்த்தோம்.

வெட்டு போகவில்லை. தொகை குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. காளிமுத்துவுக்கு அதே நூற்றுக்கு இருபது, இப்போது சம்பளத்தில் மட்டும்.

ஜோசப் சார் மேசையில் கையை ஓங்கி வைத்தார். உதவி எண்ணுக்கு மறுபடியும் அடிக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். காத்திருங்கள் என்கிற பாட்டைக் கேட்கவே கால்மணி போய்விடும்.

காளிமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

"வெரசாப் பண்ணுங்கன்னு சொல்ல மாட்டேன். சரியாப் பண்ணுங்க," என்றார். பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்.

அந்தப் பை தரையில் இறங்கியது எனக்குப் பெரிய உதவி. மூச்சு விட முடிந்தது. பழைய கேள்வியையே மறுபடி கேட்டேன். எங்கிருந்து வருகிறது? இந்த மாதத்துத் தாளில் அலவன்ஸ் இல்லை. பிறகு எதைப் பெருக்குகிறது? வருடச் சம்பளம் என்று ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பக்கம் உண்டு. மாதத்தில் போட்டதை அது தன்னிடம் எழுதிக்கொள்ளும். மாதத்தில் அழித்தால் தானாக அழிக்காது. அங்கே போய்ப் பார்த்தோம். சீசன் அலவன்ஸ் பத்து மாதத்துக்கும் வரிசையாகக் கெட்டியாக உட்கார்ந்திருந்தது.

காளிமுத்துவுடையதை மட்டும் முதலில் அழித்து ஓட்டச் சொன்னேன். எல்லாருடையதையும் ஒரே அடியாக அழித்தால், சரியாகாதபோது எதனால் என்று தெரியாது. ஜோசப் சார் ஓட்டினார். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வட்டம் சுற்றியது.

வரி, பூஜ்யம்.

நாங்கள் போட்ட பூஜ்யம் இல்லை அது. தானாக வந்தது. வித்தியாசம் காகிதத்தில் தெரியாது. ராத்திரி படுத்தால் தெரியும்.

மீதிப் பேருடையதையும் அழித்து, இரண்டு கோப்பும் எடுத்து, வங்கியில் ஏற்றினோம். அதற்கு மேல் எங்கள் கையில் இல்லை. முதலாளியின் போனுக்கு ஒப்புதல் எண் வரும். அவர் அதை எங்களுக்குப் படித்துச் சொல்வார், நாங்கள் போடுவோம். அது சரியான பழக்கமில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அப்போது எங்களிடம் அதுதான் நடைமுறை.

முதலாளி போனை எடுக்கவில்லை. திரும்ப அடித்தோம். எடுக்கவில்லை. ஜோசப் சார் முதலாளியின் டிரைவருக்கு அடித்தார். டிரைவர் பந்தியில் உட்கார்ந்திருந்தான். இலையை விட்டு எழுந்திருக்க வேண்டுமா என்று கேட்டான். எழுந்திரு என்றார் ஜோசப் சார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

முதலாளி போனுக்கு வந்தார். பின்னால் மேளம். எண் கேட்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே வரச் சொன்னோம். வந்தார். அதற்குள் முதல் எண்ணின் நேரம் முடிந்துபோனது. இன்னொன்று வரவழைத்தோம். அவர் ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திப் படித்தார். ஜோசப் சார் போட்டார். சம்பளம் போனது. இரண்டாவது கோப்புக்கு இன்னொரு எண்.

"எதுக்குய்யா ரெண்டு தடவ?" என்றார் முதலாளி.

"இது ஒங்க காசு இல்லண்ணே, அவங்க காசு," என்றேன்.

அந்தப் பக்கம் மேளம் மட்டும் கேட்டது. பிறகு எண்ணைப் படித்தார்.

வங்கி எடுத்துக்கொண்டது. மணி பன்னிரண்டாக இரண்டு நிமிடம்.

எடுத்துக்கொண்டால் மட்டும் போதாது. சேர வேண்டும். காளிமுத்து தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கோ ரூம் பையன் ஒருவன் போன் சத்தம் கேட்டது. பிறகு வாட்ச்மேனுடையது. டைனிங் ஹாலில் யாரோ சிரித்தார்கள். காளிமுத்துவின் போன் பேசாமல் இருந்தது. நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லை, மூடுபனி. ஜோசப் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தார்.

சம்பளம் முதலில் வந்தது. முழுதாக. காளிமுத்து தலையை மட்டும் ஆட்டினார். இன்னொன்று வரவில்லை. அது வேறு கணக்கிலிருந்து வருகிறது, தாமதமாகலாம் என்று சொன்னேன். எனக்கே நிச்சயம் இல்லாமல் சொன்ன ஒரே வார்த்தை அன்று அதுதான்.

அவர் பையை எடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க நேரம் ஆகிவிட்டது. ஜோசப் சார் தன் ஸ்கூட்டரை எடுத்து வந்தார். கேட்டைத் தாண்டும்போது காளிமுத்து போனை எடுத்துப் பார்ப்பது தெரிந்தது. பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தார். வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஸ்கூட்டர் திரும்பிவிட்டது.

வந்தது என்று ஜோசப் சார் வந்துதான் சொன்னார். ஒரு மணிப் பஸ் கிளம்பிவிட்டிருந்தது, கையைக் காட்டி நிறுத்தி ஏற்றிவிட்டேன் என்றார். உட்கார இடம் இல்லை, நின்றுகொண்டு போகிறார் என்றார்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பசி தெரியவில்லை.

சரோஜா மழை முடியும்வரை என்னோடு பேசவில்லை. வேலைக்கு வேண்டியதை மட்டும் சொல்வாள், அதுவும் முகம் பார்க்காமல். நான் வற்புறுத்தவில்லை. அவளுடைய உண்மையான சீட்டுக்கு வங்கி கொடுத்த சின்னக் கடனில் கூரையை மட்டும் மாற்றினாள். சுவர் பழையதுதான். சரியாகச் செய்தால் எல்லாருக்கும் நல்லது நடக்கும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருவர் கோபத்தைச் சுமக்க வேண்டி வரும். சம்பளக் கணக்கு பார்க்கிறவருக்கு அதுவும் வேலைதான்.

காளிமுத்துவின் பான் அட்டையைப் பெயர் திருத்தி, அபராதம் கட்டி, மழைக்கு நடுவில் இணைத்தோம். புதிதாக ஒருவர் சேரும்போதே இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயரைப் பாருங்கள். அன்று அரை நிமிட வேலை. பிறகென்றால் அரைநாள் உயிர் போகும்.

லீவு முடிந்து காளிமுத்து வெள்ளனே வந்துவிட்டார். நான் வரும்போது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நன்றி சொல்லவில்லை. சந்தேகப்பட்டதற்கு வருத்தமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவர் சந்தேகப்பட்டதால்தான் தனிக் கணக்கு இருந்தது.

மண்டிக்காரர் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டேன். போட்டார் என்றார். பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன், மனுசன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார், இறக்கிக் கூட்டிக்கொண்டு போனேன் என்றார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார்.

எவ்வளவு நிலம் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. அன்றுதான் கேட்டேன்.

முப்பத்தெட்டு சென்ட்.